ஓட்டு ஊரிலேயே இருக்கட்டுமா, சென்னைக்கு மாற்றிவிடலாமா?

வேளச்சேரியில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே வந்துவிட்டன. ஓட்டு மட்டும் இன்னும் அறந்தாங்கிப் பக்கம் எங்கள் கிராமத்தில் இருக்கிறது. தேர்தல் என்றால் முதல் நாள் ராத்திரி பஸ் ஏறுவேன். 2021-இல் கோயம்பேட்டில் இருந்து, 2024-இல் கிளாம்பாக்கத்தில் இருந்து. விடிந்ததும் இறங்கிக் குளித்துவிட்டு, ஓட்டுப் போட்டுவிட்டு, மதியம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, அன்று ராத்திரியே திரும்பும் பஸ். 2021 ஏப்ரல் 6 செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிந்ததை இப்போதும் சொல்லிக் கேலி செய்கிறார்கள்.

"இந்தத் தடவையாவது ஓட்டை இங்கே மாற்றிவிடுங்களேன்" என்று வீட்டில் பேச்சு வந்தது. மாற்றலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் சட்டத்தையும் படிவங்களையும் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு விஷயம் உடனே பிடிபட்டது. இவ்வளவு காலமும் எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலை மனதில் வைத்தே இதை யோசித்திருக்கிறேன். ஊருக்கும் நகரத்துக்கும் உண்மையான வித்தியாசம் அங்கே இல்லை, உள்ளாட்சித் தேர்தலில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால், பலர் சத்தமில்லாமல் கையாளும் ஒரு வழியை ஓரம் கட்டிவிடலாம். ஊரிலும் ஒன்று, இங்கேயும் ஒன்று என இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. 18-ஆவது பிரிவு, ஒரே தொகுதிக்குள்ளும் இருமுறை கூடாது என்கிறது. வேறு எங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் 31-ஆவது பிரிவு வருகிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். துணிந்து இரண்டு தொகுதியில் ஓட்டுப் போட்டுவிட்டாலும், அதே பெயரில் உள்ள 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62-ஆவது பிரிவுப்படி இரண்டு ஓட்டுமே செல்லாது. "ரெண்டு பக்கமும் இருக்கு, எது வசதியோ அங்க போட்டுக்குவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை எனக்கும் தெரியும். அவர்களிடம் ஓட்டுப் போடப் போவதற்கு முன்பே ஒரு குற்றம் தயாராக இருக்கிறது.

இன்னொரு ஆசையும் நடக்காது. எம்.எல்.ஏ. ஓட்டு சென்னையில் இருக்கட்டும், பஞ்சாயத்து ஓட்டு ஊரில் இருக்கட்டும் என்று பிரித்துக்கொள்ள வழியில்லை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள்தான். ஆனால் தமிழ்நாட்டில் பட்டியல் ஒன்றே. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வார்டு வார்டாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிக்கு எடுக்கிறார்கள். அதில் பெயர் போனால் எல்லாத் தேர்தலிலும் சேர்ந்தே போகும்.

சரி, இரண்டில் ஒன்று என்றால் சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஒருவர் 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தில்தான் பதிவு செய்ய முடியும் என்கிறது. அதற்கு விளக்கம் 20-ஆவது பிரிவில். ஒரு ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டுமே அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டீர்கள். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டுமே அங்கே வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது. முதல் வாக்கியம் எனக்கு எதிராக இருக்கிறது, இரண்டாவது ஆதரவாக இருக்கிறது. தற்காலிகம் என்பது எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று அந்தப் பிரிவில் எண் எதுவும் இல்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, மேன்ஷன் அறையில் தங்கி, மாதம் ஒருமுறை போய் வருகிறவர் 'தற்காலிகம்' என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்பது வருடம் குடும்பத்தோடு வேளச்சேரியில் இருக்கிற நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்பிக்கை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்காமல் துபாயில் இருபது வருடம் இருப்பவருக்கு, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் பெயர் வைத்துக்கொள்ள 20ஏ பிரிவு இடம் தருகிறது. படிவம் 6ஏ நிரப்பினால் போதும், ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் பதவிப் பணிக்காக டெல்லியிலோ சென்னையிலோ இருந்தாலும் ஊர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் அசையாது. அதற்கும் தனி உட்பிரிவு உண்டு. ராத்திரி பஸ்ஸில் எட்டு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேருகிற எனக்குத்தான் அப்படி ஒரு உட்பிரிவு இல்லை.

கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் பெற்றோர் வீட்டிலோ விடுதி முகவரியிலோ, ஏதாவது ஓர் இடத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ள ஆணையத்தின் விதி அனுமதிக்கிறது.

இப்போது ஓட்டின் மதிப்புக்கு வருவோம். "சென்னையில லட்சக்கணக்கான ஓட்டு, என் ஒரு ஓட்டு எதுக்கு ஆகும்? ஊர்லதான் நம்ம ஓட்டுக்கு மரியாதை" என்று ஒரு பேச்சு உண்டு. சட்டமன்றத் தேர்தலில் இந்தக் கணக்கு செல்லாது. 2021-இல் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. 2016-இல் தெற்கே ராதாபுரத்தில் 49. ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-இல் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். நகரமோ கிராமமோ, சொற்ப ஓட்டில் முடிவு மாறுவது எங்கேயும் நடக்கும். இன்னும் சொன்னால் நகரத்தில்தான் ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு. 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதத்துக்கும் மேல் பதிவானது, மத்திய சென்னையில் 54-ஐத் தொடவில்லை. பாதிப் பேர் வராத இடத்தில் வருகிறவரின் ஓட்டுக்குக் கனம் கூடத்தான் செய்யும். ஆக, எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல் வரை எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

உள்ளாட்சி என்று வந்தால் கதை வேறு.

2019 டிசம்பரில் எங்கள் ஊரில் ஊராட்சித் தேர்தல். பூத் என்றால் நான் ஏழாம் வகுப்புவரை படித்த அதே பள்ளிக்கூடம். மை வைத்துவிட்டு நான்கு சீட்டு கையில் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். மறைவுக்குள் போய் ஒவ்வொன்றாகக் குத்தி, மை இன்னொரு சின்னத்தில் ஒட்டாமல் மடிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து வெற்றிலை மடிப்பதுபோல் மடித்துக் கொண்டுவர, அதிகாரி பிரித்துத் தனித்தனியாகப் போடச் சொன்னார். பின்னால் வரிசையில் ஒரே சிரிப்பு. எங்கள் வார்டில் மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. வெள்ளைச் சீட்டில் இருந்த மூன்று பேரில் இருவரோடு நான் கிணற்றில் குதித்து விளையாடியிருக்கிறேன். ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்தான். அந்த அளவு சின்ன வார்டுகளில், ஊரில்தான் நம் ஓட்டுக்கு மரியாதை என்பது வெறும் பேச்சில்லை.

சென்னையில் என்ன? 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மின்னணு இயந்திரத்தில் ஒரே ஒரு பட்டன், வார்டு கவுன்சிலருக்கு. மாநகராட்சியில் 200 வார்டு, வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் வாக்காளர்கள். மேயரைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கவுன்சிலர்கள். இதிலும் சட்டம் ஒரு நிலையில் நின்றதில்லை. 1996, 2001, 2011-இல் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-லும் 2022-லும் மறைமுகத் தேர்தல். ஊராட்சித் தலைவர் மட்டும் எப்போதும் நேரடித் தேர்தலில்தான் வருகிறார். எண்ணிக்கையில் பார்த்தால் ஊரில் நான்கு ஓட்டு, தலைவரும் நம் கையில். இங்கே ஒரு ஓட்டு, மேயர் நம் கையில் இல்லை.

எண்ணிக்கையைவிட எனக்குக் கனமாகப் பட்டது கிராம சபை. அதில் யார் உறுப்பினர் என்பதை அரசியல் சட்டமே சொல்லிவிட்டது. அந்தக் கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். நிலம் இருந்தாலும், வீட்டு வரி கட்டினாலும், குலசாமி அங்கே இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை அது கூடுகிறது. கண்மாய் தூர்வாருவது, நூறு நாள் வேலையில் எதை எடுப்பது, ஊருக்குள் எந்தக் கம்பெனியை விடக் கூடாது என்று அங்கே தீர்மானம் போட முடியும். ஓட்டை மாற்றுகிறவன் அந்தக் கையையும் சேர்த்துத்தான் கீழே இறக்குகிறான். இது எனக்கு முன்பு தெரியாது.

போட்டியிட நினைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மக்களவைக்கு நிற்க இந்தியாவில் எந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் இருந்தாலும் போதும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இந்த மாநிலத்தில் எங்காவது இருந்தால் போதும். ஊராட்சியில் நிற்க அந்த ஊராட்சிப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். வயதும் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25, ஊராட்சிக்கு 21. ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போய்த் தலைவர் ஆவேன் என்று சொல்கிற நண்பர் ஒருவர் இந்தக் காரணத்துக்காகவே ஓட்டை நகர்த்த மறுக்கிறார். ரிட்டயர் ஆகப் பதினாறு வருடம் இருக்கிறது அவருக்கு.

இதெல்லாம் தேர்தல் நடந்தால்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் தேர்ந்தெடுத்த ஊரக அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. நகரமும் ஒன்றும் மேலில்லை. 2016-இல் இருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. நான்கு ஓட்டு, ஒரு ஓட்டு என்று கணக்குப் போடுகிறவர்கள் தேர்தல் நடக்காத வருடங்களையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊரிலேயே வைத்துக்கொண்டால் வரும் பெரிய ஆபத்து, உங்களுக்கே தெரியாமல் பெயர் போய்விடுவது. 2024-இல் எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டுக்காரர் சங்கரன்கோவில் பக்கம் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து பூத்துக்குப் போனார். கையில் வாக்காளர் அட்டை இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. 'இடம் மாறிவிட்டார்' என்று நீக்கியிருந்தார்கள். அட்டையைக் காட்டிக் காட்டிப் பேசியிருக்கிறார், பயனில்லை. ஓட்டுரிமை இருப்பது பட்டியலில்தான். அட்டை அடையாளத்துக்கு மட்டும்தான், அது இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று வேறு எதையாவது காட்டலாம். பட்டியலுக்கு அப்படி மாற்று கிடையாது.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) இதைப் பெரிய அளவில் காட்டியது. டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பங்கு, இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை. எங்கள் ஊரில் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்தபோது அம்மா இருந்தார், குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடலாம் என்பதால் என் பெயர் தப்பித்தது. ஊரில் கதவைத் திறக்க ஆள் இல்லாதவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, அதே தொகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் "இவர் இங்கே வசிக்கவில்லை" என்று படிவம் 7 கொடுக்கலாம். நோட்டீஸ் அனுப்பி விசாரித்த பிறகே நீக்க வேண்டும் என்பது விதி. ஊர்த் தேர்தல் சூடு பிடித்தால், பங்காளித் தகராறு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்தப் படிவத்தில்தான் வந்து நிற்கும். அந்த நோட்டீஸ் ஊர் முகவரிக்குப் போகும், நாம் இங்கே இருப்போம்.

மாற்றுவதும் அப்படி ஒன்றும் சுலபமில்லை. புதிதாகச் சேர்க்கத்தான் படிவம் 6, இடமாற்றத்துக்குப் படிவம் 8. இதைக் குழப்பிக்கொண்டு, பழைய ஓட்டு இருக்கும்போதே படிவம் 6 போட்டவர்கள்தான் பலர் தெரியாமலே இரட்டைப் பதிவில் மாட்டுகிறார்கள். படிவம் 8 போட்டால் பழைய இடத்துப் பெயர் நீங்கிப் புது இடத்தில் சேரும். அட்டை எண் மாறாது, முகவரி மாறிய அட்டை வரும். ஆன்லைனிலேயே போடலாம், சந்தேகம் என்றால் 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

சிக்கல் முகவரிச் சான்றில்தான். தண்ணீர், மின்சாரம் அல்லது கேஸ் பில், ஆதார், வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வாடகைக்கு இருக்கிறவனிடம் என்ன இருக்கும்? மின்சார பில் ஹவுஸ் ஓனர் பெயரில். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம், பதிவு செய்யாதது. ஆதாரில் இன்னும் ஊர் முகவரி. எனக்குக் கைகொடுத்தது கேஸ் பில். இதற்கு அப்புறம் பி.எல்.ஓ. நேரில் சரிபார்க்க வருவார். வேலை நாளில் வந்தால் வீடு பூட்டியிருக்கும். அத்தனையும் முடித்து ஓட்டை மாற்றி, அடுத்த வருடம் ஓனர் வாடகையை ஏற்றி, நாம் மேடவாக்கத்துக்குப் பெட்டியைக் கட்டினால் மறுபடி படிவம் 8. ஊர்ப் பட்டியலில் ஆளைக் காணோம் என்பது குறை, நகரப் பட்டியலில் ஆள் வேறு வீட்டில் இருக்கிறார் என்பது குறை.

நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலின் கதவு மூடிவிடும். விண்ணப்பம் பரிசீலிக்கவும் நாள் வேண்டும் என்பதால், தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவது பெரும்பாலும் வீண்.

விடுப்பு விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி மக்களவை, சட்டமன்றத் தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்காரருக்கும் உண்டு. வேலை வேறு ஊரில், ஓட்டு வேறு ஊரில் என்றாலும் இது பொருந்தும் என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அந்தத் தொகையைப் பார்த்து எந்த முதலாளி பயப்படுவார் என்று தெரியவில்லை. உள்ளாட்சித் தேர்தல் இந்தப் பிரிவுக்குள் வராது. 2019-இல் ஊரகத் தேர்தல் டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக நடந்தது, நான் சொந்த லீவு போட்டுத்தான் போனேன். இருக்கும் இடத்தில் இருந்தே ஊர்த் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு இயந்திரத்தை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் காட்டத் தயாராக இருந்தது. 72 தொகுதிகளின் ஓட்டை ஒரே பூத்தில் வாங்கும் என்றார்கள். கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே நின்றுவிட்டது.

யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். குடும்பம் ஊரில், நீங்கள் மட்டும் வேலைக்கு வெளியே என்றால் மாற்றாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம், நான்கு ஓட்டும் கிராம சபையும் உங்கள் பக்கம். வருடம் ஒருமுறை பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். குடும்பத்தோடு நகரத்துக்கு வந்து, பிள்ளைகள் இங்கே படித்து, ஊருக்குப் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் போகிறவர்கள் மாற்றிவிடுவதுதான் நேர்மை. கல்யாணம் ஆகி வந்த பெண்கள் யோசிக்கவே வேண்டாம். என் மனைவியின் பெயர் எங்கள் ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை, அவர் பிறந்த ஊரில் கிடந்தது. கல்யாணமான பிறகு ஒரே ஒரு முறைதான் ஓட்டுப் போட்டிருக்கிறார். கணவனோடு ஊருக்குப் போனால் அவருக்கு அங்கே ஓட்டு இல்லை, அவர் ஊருக்குப் போனால் கணவனுக்கு ஓட்டு இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் என் ஊருக்குத்தான் பஸ் ஏறியிருக்கிறோம். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

போன வாரம் இருவருக்கும் சேர்த்துப் படிவம் 8 போட்டாயிற்று. அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நம்ம வார்டுல ஒரு ஓட்டுக் குறையுமே" என்றார். அடுத்த கேள்வி, தேர்தலுக்கு வர மாட்டாயா என்பது. ஓட்டு இல்லாவிட்டாலும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது பி.எல்.ஓ. வரும்போது கதவு திறக்க ஆள் வேண்டுமே என்று எதிர்வீட்டு அக்காவிடம் சாவியும் கேஸ் பில் நகலும் கொடுத்து வைத்திருக்கிறோம்.